சீத்தாப்பூவுக்கு ரீடிங்

அந்தத் தெருக்களில் அவளுக்கு ரீடிங்கம்மா என்றுதான் பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. கேட்டில் இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு தட்டு என்றால் அவள்தான். அதற்கும் யாரும் திறக்கவில்லை என்றால் ‘டோர் லாக்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவள் தெருவை ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி வருவாள். அப்போதும் பூட்டியிருந்தால் சாயங்காலம் வருவாள். இவள் தொல்லை தாங்காமல் பூட்டே தானாகத் திறந்துகொள்ளும் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கவுன்ட்டரில்தான் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தாள். ஏழாவது மாதம் அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"சார், என்னை வெளிவேலைக்கு அனுப்புங்க. ரீடிங் எடுக்கப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெயில்ல தெருத்தெருவா அலையற வேலைம்மா அது. பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் போனதில்லை."

"மீட்டருக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது சார். பாக்கறவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும்."

ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பார்க்கலாம் என்றார். முதல் வாரத்திலேயே ஒரு பங்களா நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஆபீஸில் அவளுடைய பழைய நாற்காலியைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் காலை, காலில் கட்டோடு, அவள் முதலில் போய்த் தட்டியது அதே பங்களா கேட்டைத்தான். வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"ஏம்மா, நேத்து கடிச்ச நாய்ம்மா இது!"

"தெரியும் சார். நேத்து இதாலதான் ரீடிங் எடுக்க முடியலை. அதான் வந்தேன்."

அன்றைக்கு அந்த நாய் குரைக்கக்கூட இல்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். அது எவ்வளவு நிஜமோ தெரியாது. ரீடிங் எடுத்தது நிஜம்.

இப்படிப்பட்டவள் வீட்டுப் பின்புறத்தில்தான் ஏழு வருஷமாக ஒரு சீத்தா மரம் காய்க்காமல் நின்றது.

விதை அவள் போட்டதுதான். ஒரு மத்தியானம், சுற்றுக்குப் போன இடத்தில் யாரோ கொடுத்த சீத்தாப்பழத்தை மாடிப்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து பெயின்ட் டப்பாவில் ஊன்றினாள். நாலு கொட்டையில் ஒன்று முளைத்தது. முளைத்ததைத் தரையில் மாற்றி நட்டாள். மூன்றாம் வருஷமே ஆள் உயரத்தைத் தாண்டியது. நாலாம் வருஷம் பூத்தது. தடித்த மூன்று இதழோடு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், தலையைக் கவிழ்த்துத் தொங்கும் பூ. மரம் நிறையப் பூத்தது. அத்தனையும் உதிர்ந்தது. அடுத்த வருஷமும் அப்படியே, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. வருஷா வருஷம் அவள் பெருக்கி அள்ளியதுதான் மிச்சம்.

மரம் நின்ற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனாரின் மனையில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று ஒட்டினாற்போல் இரண்டு வீடு. இரண்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரு திறந்த இடம். மூன்று பக்கமும் உயரமான சுவர், நடுவில் சுவர் இல்லை. பாதி அவர்களுக்கு, பாதி இவர்களுக்கு என்று பேச்சளவில் ஒரு கோடு மட்டும் உண்டு. மரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஆனால் மரத்துக்குக் கோடு தெரியுமா? பாதிக் கிளை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கத்துக்காரர் அவள் கணவனின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். "கிளச்சு! கிளச்சு!" என்று அவர் போடும் சத்தத்தில் பயிற்சி கார் தானாகவே நின்றுவிடும். கிளச்சு மாமா என்ற பெயர் அப்படி வந்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய பிரேக்கையும் தானே மிதித்துப் பழகியவர், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவர் இன்னொரு கார் வாங்க முடிவு செய்தார். பின்புறத்தில் ஷெட் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார். டேப் நேராகப் போய்ச் சீத்தாக் கிளையில் முட்டியது.

"ஏம்மா, இந்த மரத்தை எடுத்துடலாமே? காய்க்கிற மரம்னா நான் கை வைக்க மாட்டேன். இது சும்மா இலைக்கு நிக்குது. பெருக்கறதுக்குக் குப்பை, அவ்வளவுதான்."

"இந்த வருஷம் காய்க்கும் மாமா."

"போன வருஷமும் இதையேதானே சொன்னே?"

"போன வருஷம் அது ஏன் காய்க்கலைன்னு எனக்குத் தெரியாது."

"இந்த வருஷம் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்குவேன்."

அவர் டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. "சரி, மழை முடியற வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரே ஒரு காய் பிடிக்கட்டும், நான் ஷெட்டை வேற பக்கம் போட்டுக்கறேன். பிடிக்கலைன்னா?"

"நானே வெட்டித் தர்றேன்."

அவள் கணவன் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை அவனுக்கு. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண். அண்ணன் முன்னால் மட்டும் அந்தக் கண் தரையை விட்டு எழும்பாது. அன்றைக்கும் எழும்பவில்லை.

விஷயம் வெளியே போனதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அடிமரத்தில் ஆணி அடி என்றாள் ஓரகத்தி, அதாவது கிளச்சு மாமாவின் மனைவி. வேரில் உப்புப் போடச் சொன்னார் ஒரு கடைக்காரர். மரத்துக்கு முன்னால் கோடாரியோடு நின்று இரண்டு அதட்டுப் போட்டால் பயத்தில் காய்த்துவிடும் என்றார் ஆபீஸ் காவலாளி. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், போனில் வீடியோவாக அனுப்பித் தள்ளினாள். ஒருவர் நிறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் ஊற்றவே கூடாது என்றார்.

"எதைத்தான்டி கேக்கறது?"

"எனக்கென்னம்மா தெரியும்? லைக் நிறைய இருக்கறதைக் கேளு."

அவள் ஒன்றை மட்டும் செய்தாள். துணி துவைத்த தண்ணீர் எல்லாம் வருஷம் முழுக்க மரத்தடிக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயைத் திருப்பிவிட்டாள். மூன்று வாரத்தில் மரம் பாதி இலையைக் கொட்டியது. அப்புறம் கொஞ்சமாக ஊற்றினாள். முதல் மழை விழுந்ததும் துளிரும் பூவுமாகத் தள்ளியது. எந்த வருஷமும் இல்லாத பூ! பத்தே நாளில் அவ்வளவும் காம்போடு தரையில் கிடந்தன.

கிளச்சு மாமா காரைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இந்த வருஷமும் பெருக்கற வேலைதானா?"

அவள் உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆத்திரம் வந்தால் அவளுக்குச் சத்தம் வராது, கணக்காக யோசிக்கத் தோன்றும். அவளுடைய பிழைப்பில் ஒரு பாடம் உண்டு. மீட்டரை ஒருமுறை பார்த்தால் ஒன்றும் விளங்காது. இன்றைக்கு என்ன எண், போன தடவை என்ன எண், இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, அதுதான் ரீடிங். இந்தப் பூவை அவள் மலர்ந்தபோது பார்த்திருக்கிறாள், உதிர்ந்தபோது பார்த்திருக்கிறாள். நடுவில் பார்க்கவே இல்லை.

கணவனின் கடையில் ஃபிரேம்களுக்கு விலை எழுதி நூலில் தொங்கவிடும் குட்டி அட்டைகள் உண்டு. அதில் ஒரு கட்டை எடுத்துவரச் சொன்னாள். அடுத்த கொத்துப் பூக்கள் மொட்டாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் காம்பிலும் ஓர் அட்டையைக் கட்டி நம்பர் போட்டாள். ஒன்றிலிருந்து நாற்பது வரை. காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங், வேலை முடிந்து வந்து மூன்று மணிக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. ஸ்டூலைப் போட்டு ஏறி, பூவை விரலால் மெதுவாக நிமிர்த்தி, உள்ளே பார்த்து, பழைய ரீடிங் நோட்டில் எழுதினாள்.

ஏழாம் நம்பர், காலை: இதழ் லேசாகத் திறந்திருக்கிறது, நடுவில் ஈரமாகப் பளபளப்பு, தொட்டால் ஒட்டுகிறது. ஏழாம் நம்பர், மறுநாள் மூன்று மணி: இதழ் விரிந்துவிட்டது, நடுவில் காய்ந்துவிட்டது, தட்டினால் உள்ளங்கையில் மாவு போல ஒரு தூள் விழுகிறது. பதினொன்றாம் நம்பரும் அப்படியே, இருபதும் அப்படியே.

ஆறாம் நாள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முதல் நாள் காலையில் பூ பெண்ணாக இருக்கிறது. அப்போது தூள் இல்லை. மறுநாள் சாயங்காலம் அதே பூ ஆணாகிவிடுகிறது. அப்போது ஒட்டுகிற ஈரம் இல்லை. கதவு திறந்திருக்கும்போது ஆள் வருவதில்லை, ஆள் வரும்போது கதவு பூட்டு. பூக்கத் தொடங்கியதிலிருந்து இந்த மரத்தில் நடந்தது வேறொன்றும் இல்லை, டோர் லாக்!

மகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். "அப்போ காட்டுல இருக்கற சீத்தா எல்லாம் எப்படிடி காய்க்குது?"

மகள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒரு குட்டி வண்டு இருக்காம்மா. அது ஒரு பூவுல இருந்து இன்னொரு பூவுக்குத் தூக்கிட்டுப் போகுமாம். உங்க பின்பக்கம் மூணு சுவரு, சிமென்ட் தரை. அது எப்படி வரும்?"

"வண்டு வரலைன்னா போகட்டும். நான் வர்றேன்."

சாயங்காலம் தூளைச் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் காலை திறந்த பூவில் தடவ வேண்டும். மறுநாளே ஆரம்பித்துவிடலாம் என்று, விடிந்ததும் காலி மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்குக் கணவனுக்கு வார விடுமுறை. மூன்று மணிக்கு அவள் வந்தபோது பின்பக்கம் வெளிச்சமாக இருந்தது. அத்தனை வெளிச்சம் அங்கே எப்போதும் இருந்ததில்லை. மரம் பாதி இல்லை. சீவிவிட்ட மாதிரி ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. வெட்டிய கிளைகள் அந்தப் பக்கம் குவிந்து கிடந்தன. இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அவள் கட்டிய நம்பர் அட்டைகள் தெரிந்தன.

கிளச்சு மாமா கையில் ஒரு கயிற்றோடு நின்றிருந்தார். "கோட்டுக்கு நேரா கயிறு கட்டிப் பாத்துத்தான் வெட்டச் சொன்னேம்மா. உன் பக்கம் ஒரு இலை தொடலை."

"மழை முடியலையே மாமா."

"கார் நாளைக்கு வருதே. கம்பெனிக்காரன் உன் மழைக்காகக் காத்திருப்பானா?"

அவள் திரும்பி, கதவோரம் நின்ற கணவனைப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

"அண்ணன் சொன்னாரு..." என்று இழுத்தான்.

"சரி," என்றாள். அந்தச் ‘சரி’க்குப் பதில் அவள் வைதிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

எல்லோரும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். ஓரகத்தி சமாதானம் சொல்லத் தயாராக வாசற்படிக்கே வந்துவிட்டாள். ரீடிங்கம்மா உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கோட்டைத் தாண்டி நடந்து போய், கிளச்சு மாமாவின் காலடியில் கிடந்த கிளைக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்தாள். கிளையை வெட்டிவிட்டார்களே தவிர, பூவுக்கு இன்னும் அது தெரியாது. விரிந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பறித்து டப்பாவுக்கு மேல் கவிழ்த்து விரலால் சுண்டினாள். தூள் விழுந்தது.

"என்னம்மா பண்றே?" என்றார் கிளச்சு மாமா.

"பதிமூணாம் நம்பர்," என்றாள் நிமிராமல். அடுத்ததை எடுத்தாள். "பதினாறு."

அந்த இடத்தில் மிதிக்க பிரேக் எதுவும் கிடைக்காததால் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, மிஞ்சிய பாதி மரத்தில் திறந்திருந்த பதினெட்டுப் பூக்களுக்கும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் தூளைத் தடவினாள். பஞ்சு பாதித் தூளைத் தானே குடித்துவிட்டது. குச்சி தடிமன், பூவின் வாய் சின்னது. இரண்டு பூ கையோடு வந்துவிட்டது. பத்து நாளில் பதிமூன்று பூ உதிர்ந்தது. மூன்று உதிரவில்லை.

அந்தப் பத்து நாளும் வீட்டில் பேச்சு இல்லை. சோறு இருந்தது, சொல் இல்லை. கணவன் கேட்டதற்கு ‘உம்’, கேட்காததற்கு அதுவும் இல்லை. பத்தாம் நாள் காலை அவள் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். கையில் இரண்டு சாமான். ஒன்று, லென்ஸில் தூசி தட்டும் மெல்லிய பிரஷ். இன்னொன்று, அவன் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி. கடையில் அதை வேறு யாரையும் தொட விடமாட்டான்.

"பஞ்சு வேண்டாம். இது முடி மாதிரி இருக்கும், தூளைக் குடிக்காது. வட்டமாச் சுத்திவிடு, குத்தாதே."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "அன்னிக்கு எங்க போயிருந்துச்சு இந்த வாய்?"

"பயந்துட்டேன்." அவன் மழுப்பவில்லை. "சின்ன வயசுல இருந்து அவர் பேசுவாரு, நான் கேட்டுக்குவேன். அன்னிக்கும் வாயே வரலை. உன் அட்டையெல்லாம் கீழ விழறதைப் பாத்துட்டே நின்னேன்."

அவள் ஸ்டூலில் நின்றபடியே கையை நீட்டினாள். பிரஷ்ஷை மட்டும் வாங்கிக்கொண்டு, "கண்ணாடியை நீங்களே போட்டுக்கிட்டு மேல ஏறுங்க. என் கண்ணை விட உங்க கண்ணு நல்லா இருக்கும். எது ஒட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

கிளச்சு மாமா எதிர்பாராத ஒன்று அதற்குள் நடந்துகொண்டிருந்தது. சீத்தா புதுத் துளிரில்தான் நிறையப் பூக்கும். வெட்டுப்பட்ட அடிக்கொம்புகளில் எல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர் வெடித்தது. ஒரு கிளை இருந்த இடத்தில் ஐந்து. ஐந்திலும் மொட்டு. அவர் ஆள் வைத்து வெட்டியது மரத்துக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஷெட்டுக்குத் தகரக்கூரை போட்டு முடித்த வாரத்தில், கூரைக்கு மேலே பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன.

தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். அவன் பார்த்துச் சொல்வான், அவள் பிரஷ்ஷைச் சுழற்றுவாள். சாயங்காலம் அவள் தூள் எடுப்பாள். பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு மரத்தில் நிற்கும் தம்பியைப் பார்த்து, "கண் ஆஸ்பத்திரியை இங்கயே திறந்துட்டீங்களா?" என்று ஓரகத்தி கேட்டாள். கேலிதான். ஆனாலும் மறுநாள் காலை அவளும் வந்து கீழே நின்று, "அந்த மேல் கொப்புல ஒண்ணு விட்டுட்டீங்க," என்று கையைக் காட்டினாள்.

தடவிய பூ உதிரும் நாள் தாண்டியும் நின்றால், இதழ் மட்டும் கருகி விழும். அதற்குள்ளே மிளகளவு ஒரு பச்சை முடிச்சு. காம்பு தடிக்கும். பத்து நாளில் சுண்டைக்காய், மூன்று வாரத்தில் நெல்லிக்காய். சுற்றிலும் சொரசொரவென்று சீத்தாக் காயின் கண்கள் தெரியத் தொடங்கும். அவளுடைய நோட்டில் ‘பிடித்தது’ என்ற பத்தி முதல்முறையாகக் கீழே வரை நீண்டது.

அப்போதுதான் கிளச்சு மாமா அரிவாளோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இலை விழுந்து கூரைக் கால்வாய் அடைத்துக்கொள்கிறதாம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரீடிங்கம்மா வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் படியிறங்கிப் போய், அரிவாள்காரனுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றான்.

"அண்ணே, வேண்டாம்."

கிளச்சு மாமாவுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"வெட்ட வேண்டாம்னு சொல்றேன்."

"என் பக்கம் வந்ததைத்தானே வெட்டறேன்?"

"மழை முடியற வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. பாருங்க, இன்னும் பெய்யுது. ஒரு தடவை பேச்சு மாறினீங்க, நான் சும்மா நின்னேன். அது என் தப்பு. ரெண்டாவது தடவை நிக்க மாட்டேன்."

"ஒரு மரத்துக்காக அண்ணன் கிட்ட எதிர்த்துப் பேசறியா நீ?"

"மரம் அவளோடது. பேச்சு என்னோடது."

சொல்லிவிட்டு அவன் இடத்தை விட்டு நகரவில்லை. அரிவாள்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஷெட்டுக்குள் போய் ஒதுங்கினான். குடும்பச் சண்டையில் நனைய அவனுக்கு இஷ்டமில்லை.

ரீடிங்கம்மா பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து கோட்டுக்கு மேலேயே போட்டாள். "மாமா, ஒரு காய் பிடிச்சா கை வைக்க மாட்டேன்னீங்க. ஏறிப் பாருங்க."

"பூவைக் காட்டிக் காயுன்னு சொல்லாதே."

"நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்களே ரீடிங் எடுத்துக்கோங்க."

அவர் ஏறினார். வேறு வழியில்லை, ஓரகத்தியும் வந்து நின்றுகொண்டிருந்தாள். இலையை விலக்கி ஒரு காயைத் தொட்டார். அதைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இன்னொன்று. கூரைப் பக்கம் சாய்ந்த கொப்பில் மூன்று. அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"எத்தனைங்க இருக்கு?" என்றாள் ஓரகத்தி கீழேயிருந்து.

"இருபத்தி மூணு," என்றார். இறங்கி அரிவாள்காரனைப் பார்த்து, "நீ போப்பா," என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவரும் கேட்கிறவர் இல்லை, அவளும் எதிர்பார்க்கிறவள் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் அவரே ஏணி போட்டுக் கூரைக் கால்வாய்க்குக் கம்பி வலை அடித்தார்.

இருபத்து மூன்றில் ஆறு வழியிலேயே போயிற்று. இரண்டை அணில் கொண்டுபோனது. இரண்டு கறுத்து இறுகிப்போயின. ஒன்று பிஞ்சிலேயே வெம்பி, ஷெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த புதுக் காரின் பானெட்டில் சரியாக நடுவில் விழுந்து சிதறியது. அதன்பிறகு கிளச்சு மாமா காரை முழுசாக ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்தக் கற்றுக்கொண்டார். இன்னொன்றை ஓரகத்தி பச்சையாகப் பறித்துவிட்டு, பறிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். மிச்சப் பதினேழுக்கும் ரீடிங்கம்மா காகிதப் பை கட்டினாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு காயின் கண்களுக்கு நடுவே வெளிறிய கோடு விழுந்திருந்தது. பறித்து இரண்டு நாள் அரிசிப் பானையில் வைத்தாள். விரல் பட்டால் குழையும் பதத்துக்கு வந்தது.

முதல் பழம். வீட்டுக்குப் பெரியவரான கிளச்சு மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை என்று ஓரகத்தி ஏற்கெனவே இரண்டு முறை ஜாடையாகச் சொல்லியிருந்தாள். கணவன் ஒரு தட்டையும் கொண்டுவந்து வைத்தான். அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். ஸ்டூலை எடுத்துப்போய், பின்புறத்தின் நட்டநடுவில், இரண்டு வீட்டுக்கும் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். பழத்தை இரண்டு கையாலும் பிட்டாள். வெள்ளைச் சுளை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, அவசரமே இல்லாமல் தின்றாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. ஒரு சுளையைக்கூட யாருக்கும் நீட்டவில்லை.

ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த கிளச்சு மாமா துணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருக்க முயன்றார், முடியவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் கடைசியில்.

"நல்லா இனிக்குது மாமா."

"ம்." துணியை உதறிக்கொண்டே, "அடுத்தது எப்போ பழுக்கும்?"

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் அவள், கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டே.

கணவன் கை கழுவ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி முடிக்கிற வரைக்கும் அவன் காத்திருக்க வேண்டியிருந்தது.